மொம்பாசா வாசலில் ஒரு கிணறு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கரையையும் கடலையும் படைத்து, காற்றை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசா நகரில் வணிகம் செய்துவரும் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர், தம் மகளின் நிக்காஹ் மஜ்லிஸுக்கு நம்மை அழைத்திருந்தார். அல்லாஹ்வின் நாட்டத்தால் சென்ற ஆண்டு அங்கே எட்டு நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பயணக் கதை சொல்வது நம் நோக்கமன்று. அங்கே கண்ட ஒன்று நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கவே விழைகிறோம்.

மொம்பாசா ஒரு தீவு. விமான நிலையம் இருப்பது பெருநிலத்தில். அங்கிருந்து மக்கூப்பா பாதையின் வழியே தீவுக்குள் நுழைந்ததும் இரைச்சல் நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவ்வூரார் 'துக்துக்' என்றழைக்கும் மூன்று சக்கர ஆட்டோக்கள் சந்து பொந்தெல்லாம் புகுந்து வருகின்றன. தீவின் மேற்கே உள்ள துறைமுகத்திற்குக் கிளிந்தினி என்று பெயர். ஸவாஹிலி மொழியில் ஆழமான நீர் என்பது அதன் பொருள். கென்யாவுக்கு மட்டுமின்றி, கடலே இல்லாத உகாண்டா, ருவாண்டா, தெற்கு சூடான் ஆகிய நாடுகளுக்கும் இந்த வாசல் வழியாகச் சரக்குகள் செல்கின்றன. 1896இல் ஆங்கிலேயர் உகாண்டா இரயில் பாதையைத் தொடங்கியதும் இங்கிருந்துதான். அப்பாதையை அமைக்க நம் நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். தீவின் தெற்கே லிக்கோனியில் பாலமில்லை; படகுதான். காலையும் மாலையும் ஆயிரமாயிரம் பேர் ஏறி இறங்குகின்றனர். நடந்து ஏறுவோரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

இந்த ஆரவாரத்தைக் கடந்து பழைய நகருக்குள் சென்றால் வேறோர் உலகம். குறுகிய சந்துகள், பவளக்கல் சுவர்கள், சித்திர வேலைப்பாடு மிகுந்த மரக்கதவுகள். முதல் நாள் மஃரிபுக்குப் புறப்பட்ட நாம் அச்சந்துகளில் வழி தவறினோம். பாங்கொலி கேட்கிறது, பள்ளி தென்படவில்லை. கரியடுப்பின் மேல் வைத்த பித்தளைக் கூஜாவிலிருந்து சிறு கோப்பைகளில் கஹ்வா ஊற்றி விற்கும் ஒருவரின் அருகே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நம் தலைப்பாகையைக் கண்டதும் எழுந்தார். ஸலாம் கூறி, நம் கையைப் பற்றிக்கொண்டு பள்ளிவரை நடந்தார். தொழுகை முடிந்ததும் மீண்டும் அதே இடத்திற்கு அழைத்துவந்து கஹ்வா வாங்கித் தந்தார். அரைகுறை அரபியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கே தங்கியிருக்கிறீர்கள்? உணவுக்கு என்ன செய்வீர்கள்?" என்பதே. ஊர் பெயரெல்லாம் அதன் பிறகுதான்.

மறுநாள் ஃபஜ்ரில் இமாம் குனூத் ஓதினார். கண்ணை மூடிக்கொண்டால் நம் பள்ளியில் நிற்பதுபோல் இருந்தது. ஆம், அவர்களும் ஷாஃபிஈ மத்ஹபினரே. நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதியதுபோல, அவர்களின் முன்னோரும் ஸவாஹிலியை அரபெழுத்தில் எழுதினர். புத்தகத்திற்கு அவர்கள் சொல்லும் சொல் 'கிதாபு'. இவ்வுறவை வளர்த்தது காற்று. மார்கழி முதல் பங்குனி வரை வீசும் வடகிழக்குக் காற்றில் மரக்கலங்கள் அங்கே செல்லும். காற்றுத் திரும்பிய பின்னரே மீளும். இடைப்பட்ட மாதங்களில் வந்தவர் காத்திருந்தே ஆகவேண்டும். ஆகவே அந்தக் கரையில் முஸாபிர் என்பவர் எப்போதாவது வருபவர் அல்லர். ஒவ்வோர் ஆண்டும் ஊரோடு சேர்ந்து வாழ்ந்தவர்.

1331ஆம் ஆண்டு அப்படி ஒரு முஸாபிர் அங்கே வந்தார். அவர்தாம் மொராக்கோ நாட்டின் தஞ்சீர் நகரைச் சேர்ந்த இப்னு பதூதா (ரஹ்). பின்னாளில் நம் மஅபர் கரைக்கும் வந்தவர் அவர். மொம்பாசாவில் அவர் தங்கியது ஒரே ஓர் இரவு. ஆயினும் அவ்வூரைப் பற்றி அவர் பதிவு செய்திருப்பதைக் கவனியுங்கள். வாழையும் எலுமிச்சையும் விளைவதைச் சொல்கிறார். ஜம்மூன் என்ற கனியை அவர் குறிப்பிடுவது நமக்கு நாவற்பழத்தை நினைவூட்டுகிறது. மக்கள் மார்க்கப் பற்றும் நல்லொழுக்கமும் உடையோர் என்கிறார். பிறகு பள்ளிவாசல்களுக்கு வருகிறார். அவை உறுதியான மரத்தால் கட்டப்பட்டவை. ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் ஒன்றிரண்டு கிணறுகள். ஆழம் ஒன்றிரண்டு முழமே. நீர் முகக்க, குச்சியின் முனையில் பொருத்திய மரக்குவளை. கால் கழுவியபின் துடைக்க வாசலோரம் ஒரு தடித்த விரிப்பு. இவ்வளவையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அரசர் பெயரையோ, செல்வர் வீட்டையோ அவர் அங்கே பெரிதாக எழுதவில்லை. கால் துடைக்கும் விரிப்பை எழுதினார்!

பழைய நகரின் மந்த்ரிப் பள்ளி 1570ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது என்கின்றனர். கூம்பு வடிவ மினாராவுடன் இன்றும் அதில் தொழுகை நடைபெறுகிறது. அதன் எதிரே ஒரு கிணறு இருக்கிறது. சற்றுத் தொலைவில் போர்த்துக்கீசியர் 1593இல் கட்டத் தொடங்கிய ஜீஸஸ் கோட்டை நிற்கிறது. 1505இல் இந்நகரைக் கொள்ளையிட்டு எரித்தவர்கள் அவர்களே. அக்கோட்டையை ஏறத்தாழ மூன்றாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் ஓமானியர் கைப்பற்றினர். அது இன்று அருங்காட்சியகம். உள்ளே செல்லக் கட்டணம் உண்டு. கிணற்றுக்குக் கட்டணமில்லை.

அவ்வூரில் குறையே இல்லையென நாம் சொல்லவில்லை. வேலையற்ற இளைஞர்கள் முச்சந்திகளில் நிற்பதைக் கண்டோம். "செருப்பைக் கவனமாக வையுங்கள்" என்ற எச்சரிக்கையை அங்கேயும் கேட்டோம். திருட்டு அங்கும் உண்டு. இருந்தும் வாசலைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

அன்புச் சகோதரர்களே! இப்போது நம் வாசலுக்கு வருவோம். இரண்டாண்டுகளுக்கு முன் நம் பள்ளியின் ஹவ்லருகே இருந்த பித்தளைக் குழாய்கள் திருடு போயின. அதன்பின் இஷா முடிந்ததும் வெளிவாசலைப் பூட்டுவது என முடிவெடுத்தோம். அம்முடிவுக்கு நாமும் உடன்பட்டோம். அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஓரிரவு, கட்டட வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞர் ஒருவர் நனைந்த மூட்டையுடன் வாசலைத் தட்டினார். விடியும்வரை திண்ணையில் ஒதுங்க இடம் கேட்டார். பூட்டின் சாவி நம் கையில்தான் இருந்தது. "அனுமதியில்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினோம். ஃபஜ்ருக்கு வாசலைத் திறந்தபோது அவர் அங்கே இல்லை. அதன்பின் அவரை நாம் காணவே இல்லை.

மொம்பாசாவில் அந்த முதியவர் நம் கையைப் பற்றியபோது நமக்கு நினைவு வந்தது அந்த இளைஞரின் முகம். ஸகாத்துக்கு உரியோரின் பட்டியலில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான் என்று எத்தனை ஜும்ஆக்களில் இந்த மிம்பரில் நின்று சொல்லியிருப்போம்! சொன்ன வாய் நமதே. பூட்டிய கையும் நமதே. அந்த இளைஞரும் நம் ஊரில் ஒரே ஓர் இரவு கண்ட முஸாபிர்தான். அவர் தம் ஊருக்குச் சென்று நம்மைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்?

ஆகவே நிர்வாகக் கமிட்டியினரிடம் நாம் பணிவுடன் வைக்கும் வேண்டுகோள் மூன்று. உட்பள்ளியைப் பூட்டுவதில் தவறில்லை. ஆனால் வெளித்திண்ணையும் ஒரு தண்ணீர்க் குழாயும் இரவிலும் திறந்திருக்கட்டும். திண்ணையோரம் உள்ள பழைய சாமான் அறையை ஒழித்து, இரண்டு பாய்களும் ஒரு விளக்கும் வைத்து, முஸாபிர் அறை ஆக்குவோம். கடைசி ஸஃப்பில் தொழுதுவிட்டு யாரோடும் பேசாமல் செல்லும் வெளியூர்த் தொழிலாளர்களுக்கு நாம் முந்திக்கொண்டு ஸலாம் சொல்வோம். இரவில் வாசலைக் கவனிக்கும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். குழாய் மீண்டும் திருடு போனால் அதன் விலையை நம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்பாத உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! நாம் திருப்பியனுப்பிய அந்த இளைஞரை அவன் நலமாக வைத்திருப்பானாக! நம் பிழையைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.