டயரின் மறுபக்கம்



2012ஆம் ஆண்டு செப்டெம்பரில், வைட் தீவின் இசைவிழாவிலிருந்து திரும்பிய பேருந்தொன்று ஹைன்ட்ஹெட் அருகே ஏ3 நெடுஞ்சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. சாரதியும் பயணிகள் இருவரும் உயிரிழந்தனர். வெடித்த முன்பக்க டயரின் வயது 19 ஆண்டுகளுக்கும் மேல். டயரின் வயதுக்கு அன்று சட்டம் எல்லை வகுத்திருக்கவில்லை. உயிரிழந்த இளைஞர் ஒருவரின் தாயார் பல்லாண்டு மேற்கொண்ட பரப்புரையின் பின்னர், 2021 பெப்ரவரியிலிருந்து பேருந்துகளினதும் பாரவூர்திகளினதும் முன் அச்சில் 10 ஆண்டைக் கடந்த டயர்கள் தடை செய்யப்பட்டன. சொந்தக் கார்களுக்கு அத்தடை விதிக்கப்படவில்லை.

பாடசாலைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகின்ற கார்கள் இங்குள்ள வீடுகளில் ஏராளம். குறைவாக ஓடுவதால் அவற்றின் டயர் தேயாது. ஆனால் இறப்பர் இறுகி வெடிப்பு விடும். வயதை அறிய, பக்கச்சுவரில் ‘டிஓடி’ எனத் தொடங்கும் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெரும்பாலும் இவ்விலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அப்பக்கம் உட்புறமாக அமைந்துவிட்டால், நின்றபடி பார்ப்பவருக்குத் தென்படாது.

தென்படாத அந்த உட்புறமே முதலில் பார்க்கத் தக்கது. வீதிக் குழியில் விழுந்து சக்கரத்தின் கோணம் பிசகிய காரில், வெளிவிளிம்பு புதிதுபோலிருக்க உள்விளிம்பு கம்பி தெரியுமளவு தேய்ந்திருக்கும். சுக்கானை முழுவதும் ஒரு பக்கம் திருப்பினால் முன் டயர்களின் முகம் வெளியே வரும். பின் டயர்களுக்குக் கைத்தொலைபேசியை உட்புறமாக நீட்டிப் படமெடுப்பதே எளிது. தரையில் அழுந்தியுள்ள பகுதியைக் காண, காரைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர்.

நடைபாதை விளிம்பில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் ஒடுங்கிய தெருக்களில் பக்கச்சுவருக்கே அடி. உள்ளிருக்கும் இழைகள் அறுந்தால் அவ்விடம் முட்டைபோல் புடைக்கும். அதன்பின் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் இறப்பர் மட்டுமே. அதனை ஒட்டிச் சீர்செய்ய இயலாது. நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

ஆழத்தை அளக்க 20 பென்ஸ் நாணயம் போதும். பள்ளத்தில் செருகும்போது நாணயத்தின் வெளிவளையம் தெரிந்தால், ஆழம் சட்ட எல்லையான 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருக்கக்கூடும். ஒரே இடத்தில் அளப்பதில் பயனில்லை. குறுக்காகவும் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். தேய்ந்த ஒவ்வொரு டயருக்கும் 2,500 பவுண் வரை அபராதமும் 3 தண்டப் புள்ளிகளும் உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்று ஈராண்டு நிறையாத பிள்ளைக்கு 6 புள்ளிகள் சேர்ந்தால் அப்பத்திரமே பறிபோகும். அதற்கு இரண்டு டயர்கள் போதும்.

எம்ஓடி சான்றிதழ் பரிசோதிக்கப்பட்ட நாளின் நிலையை மட்டுமே கூறும். மறுநாள் குழியில் விழுந்த டயரைப் பற்றி அது எதுவும் அறியாது.

விலை மலிவென்று பழைய டயர் வாங்குவோர், அதில் ‘பார்ட் வோர்ன்’ என்ற முத்திரை பதிந்துள்ளதா, பள்ளம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாதுள்ளதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சட்டத்தின் கட்டளை. சக்கரத்தில் பூட்டிய பின் உட்புறத்தைப் பார்ப்பது கடினம். கடையில் கையில் இருக்கும்போதே புரட்டிப் பார்த்துவிடலாம்.