குருசடைத் தீவும் கரைந்துபோன விலாசமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1979ஆம் ஆண்டு இந்தியக் கல்விச் சுற்றுலாவிற் பங்குபற்றிய உயர்தர விஞ்ஞான வகுப்பு மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கல்லூரி நாட்களின் நினைவொன்றைப் பகிருமாறு சங்கச் செயலாளர் கேட்டபோது, நாங்கள் பன்னிருவரும் தொலைபேசியில் கலந்து பேசினோம். ஸ்காபரோவிலிருந்து ஒருத்தி, லண்டனிலிருந்து இருவர், மெல்பேர்னிலிருந்து ஒருத்தி, மற்றவர்கள் ஊரிலிருந்தும் கொழும்பிலிருந்தும். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "குருசடைத் தீவைப் பற்றிச் சொல்லுவம். ஆனால் முழுவதையும் சொல்ல வேணும்." ஆகவே இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றையும் சேர்த்தே இன்று சொல்கிறோம்.

1979 ஏப்ரல் விடுமுறை. எங்கள் விலங்கியல் ஆசிரியை சென்னையில் பட்டப்படிப்பை முடித்தவர். மாணவியாக இருந்த காலத்தில் மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவுக்குப் போய் வந்தவர். கரும்பலகையில் பலனோகுளோசசு படத்தைக் கீறும்போதெல்லாம், "இதை நான் உயிரோடை பார்த்தனான். நீங்களும் பார்க்க வேணும்" என்று சொல்லுவார். அவர் சொன்னால் செய்வார் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். ஒரு வருடம் பலகாரம் விற்றோம், கலைவிழா நடத்தினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ரீச்சர் நேரே வந்து, "பிள்ளையை நான் கொண்டுபோய்க் கொண்டுவருவன்" என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கோச்சியேறி, மதவாச்சிச் சந்தியில் இறங்கி மாறி, விடியற்காலையில் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தோம். அங்கே 'ராமானுஜம்' கப்பல் நின்றது. அதற்கு முன்னால் நின்ற வரிசையைக் கண்டதும் எங்கள் சிரிப்பும் பாட்டும் அடங்கிவிட்டன. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. ரங்குப் பெட்டிகள், பாய்ச்சுருள்கள், அம்மிக்கல், கயிற்றாற் கட்டிய பாத்திரங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுபவர்கள் அவர்கள். அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவானது என்பதை வரலாற்றுப் பாடத்தில் எழுதிப் புள்ளியும் பெற்றிருந்தோம். அந்த இலக்கங்களுக்கு முகம் இருப்பதை அன்றுதான் கண்டோம்.

கப்பலில் எங்களுக்கருகே ஒரு குடும்பம் இருந்தது. அவர்களில் எங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொழுந்து பறிக்கப் போனவள். எங்கள் செய்முறைக் கொப்பிகளை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நீங்க திரும்பி வருவீங்களா அக்கா?" என்று கேட்டாள். பத்து நாளில் வருவோம் என்றோம். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரங்களில் அவர்கள் 'தாயகம் திரும்புவோர்'. அவளோ அந்தத் தாயகத்தை ஒருநாளும் கண்டவளல்லள். அவளுடைய பாட்டியும் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர்.

இராமேசுவரம் தெரியத் தொடங்கியதும் அவள் அவசரமாக ஒரு தாளில் ஏதோ எழுதி, எங்களிடம் வாங்கிய கடித உறையில் இட்டு ஒட்டி, விலாசம் எழுதித் தந்தாள். தோட்டத்திலேயே தங்கிவிட்ட தன் சிநேகிதிக்கு. "நீங்க ஊருக்குப் போனதும் போட்டுடுங்க அக்கா. எங்க போய்ச் சேர்ந்தோம்னு அவளுக்குத் தெரியணும்." கட்டாயம் போடுவோம் என்று நாங்கள் பன்னிருவரும் சொன்னோம். ஒரு செய்முறைக் கொப்பிக்குள் அதைப் பத்திரமாக வைத்தோம். இராமேசுவரத்தில் அவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பியதும் அதே மண்டபம் முகாமில்தான். பூட்டன் பூட்டி வந்த வாசலாலேயே பேத்திகள் திரும்பிப் போனார்கள்.

நாங்கள் பாம்பன் பாலத்தால் கோச்சியிற் சென்று மண்டபத்தில் தங்கினோம். அப்போது தெருப்பாலம் இல்லை. அது 1988இல்தான் வந்தது. 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலம் மட்டுமே. கீழே கடல், பக்கத்தில் பிடிமானம் எதுவுமில்லை. கோச்சி ஊர்ந்து ஊர்ந்து போனது. அடுத்த நாள் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்தோம். அதற்கடுத்த நாள் அதிகாலையில் பாம்பனிலிருந்து வள்ளத்திற் குருசடைக்குப் போனோம்.

மனிதர் குடியிராத சிறிய தீவு அது. மீன்வளத் திணைக்களத்தின் ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இலேயே அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டதென்றால் அதன் பெருமையை நீங்கள் ஊகிக்கலாம். கடல் வற்றிய நேரம். முழங்காலளவு நீரில் நடந்தோம். காலடியில் சாதாளை, முருகைக்கல், கடலட்டை, நட்சத்திர மீன். புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் இருந்ததெல்லாம் நிறத்தோடு அசைந்தது.

நடக்கத் தொடங்குமுன் ரீச்சர் ஒரு சட்டம் போட்டார். "கல்லைப் புரட்டிப் பாருங்கோ. ஆனால் புரட்டினபடி விட்டிட்டு வரப்படாது. அதுக்குக் கீழை இருக்கிறதுகளுக்கு அதுதான் வீடு. வெயில் பட்டாச் செத்துப்போம். எப்பிடி இருந்ததோ அப்பிடியே திருப்பி வையுங்கோ."

கடைசியில் மணற்பாங்கான ஓரிடத்தில் ரீச்சர் நின்றார். இடியப்பம் பிழிந்ததுபோல மணற் சுருள்கள். அதனருகே கையாலேயே மெதுவாகத் தோண்டினார். இளமஞ்சள் நிறத்தில் நீண்ட புழுவொன்று. முதுகெலும்பில்லாத அந்தப் புழுவுக்கு, மீன்களுக்கு உள்ளதுபோலத் தொண்டையிற் பூப்பிளவுகள். முள்ளந்தண்டிலிகளையும் முள்ளந்தண்டுளிகளையும் இணைத்துப் பேசும்போது எந்த விலங்கியலாளரும் அதை விட்டுவிடுவதில்லை. ஆசுப்பத்திரி மருந்துபோல ஒரு மணம். தொட்டாலே அறுந்துபோகும் மென்மை. துதிக்கை, கழுத்துப்பட்டி, உடல் என்று மூன்று பகுதிகளையும் ரீச்சர் காட்டினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பிறகு அதை மறுபடியும் மணலுக்குள் விட்டு, மேலே ஈரமணலை மூடினார். போத்தலில் ஒன்றைக் கொண்டுபோகலாமா என்று கேட்டோம். "நீங்கள் பார்த்திட்டியள். அது காணும்" என்றார்.

இனி, நாங்கள் சொல்லாமல் வைத்திருந்த பகுதி.

வள்ளத்தில் ஏறும்போது எங்களில் ஒருத்தி முருகைக்கல்லில் வழுக்கி விழுந்தாள். பையும் அவளோடு நீருக்குள் போனது. அன்றிரவு கொப்பிகளைக் காயவிட்டபோது கடித உறையைக் கண்டோம். மை முழுவதும் கரைந்திருந்தது. தோட்டத்தின் பெயரில்லை, தபாற்கந்தோர் இல்லை. ஒரேயொரு சொல் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது: 'மேல்கணக்கு'. அப்படியென்றால் என்னவென்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளே இருக்குமோ என்று உறையைப் பிரித்தோம். அதிலும் நீலக் கறைதான்.

அவள் இருந்த முகாம் நாங்கள் தங்கிய இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில். அடுத்த நாள் மாலை முழுவதும் எங்களுக்கு ஓய்வு நேரம். போய் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டு விலாசத்தை மறுபடி எழுதி வாங்கியிருக்கலாம். ரீச்சரிடம் சொன்னால் அவரே எங்களைக் கூட்டிப்போயிருப்பார். ஆனால் பையை நனைத்ததற்கு ஏச்சு விழும் என்று பயந்தோம். முகாமுக்குப் போக வெட்கப்பட்டோம். அந்த மாலை கடைத்தெருவுக்குப் போய்ச் சங்கு மாலை வாங்கினோம். மறுநாள் மதுரைக்கு ரயிலேறிவிட்டோம்.

'மேல்கணக்கு' என்றால் தோட்டத்தின் மேற்பிரிவு. பேராதனைக்குப் போன எங்களில் ஒருத்தி, அங்கே உடன்படித்த தோட்டத்து மாணவியிடம் கேட்டு அறிந்து எங்களுக்கு எழுதினாள். மலைநாட்டில் எத்தனையோ தோட்டங்களில் மேல்கணக்கு இருக்கிறது. ஒரு புழுவின் மூன்று உடற்பகுதிகளும் எங்களுக்கு மனப்பாடம். எங்கள் மொழியையே பேசிய ஒருத்தியின் விலாசத்திலிருந்த ஒரு சொல்லுக்கு எங்களுக்குப் பொருள் தெரியாது. அந்தச் சுற்றுலாவில் நாங்கள் படித்த பெரிய பாடம் இதுதான்.

1984இல் கப்பற் சேவை நின்றது. பின்னர் நடந்தவற்றை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1990இல் எங்கள் பன்னிருவரில் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு மன்னாரிலிருந்து இரவில் மீன்பிடி வள்ளத்தில் அதே கடலைக் கடந்தாள். கொண்டுபோய் வைத்தது மண்டபம் முகாமில். அங்கிருந்து கொழும்பிலிருந்த எங்களில் ஒருத்திக்கு வந்த கடிதத்தை அவள் அனுமதியோடு வாசிக்கிறோம்:

"அண்டைக்கு நாங்கள் வராத இடத்துக்கு நான் இப்ப வந்திட்டன். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பழைய ஆக்களிட்டை விசாரிச்சன். கனபேரை நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினவையாம். பேர் தெரியாமல் எப்பிடித் தேடுறது? ஊருக்குப் போற ஆராவது வருவினமோ, ஒரு கடிதம் குடுத்துவிடலாமோ எண்டு நானும் வாசலிலை நிக்கிறன்."

உண்மைதான், நாங்கள் அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அன்புச் சகோதரிகளே, குருசடைத் தீவு 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. அந்தப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்காக வருடக்கணக்கில் தோண்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். கல்லைப் புரட்டியவர்கள் திருப்பி வைக்கவில்லை. எங்கள் ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. இருந்திருந்தால் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருப்போம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நிதியிலிருந்து கல்விச் சுற்றுலாக்களை மீண்டும் தொடங்கச் சங்கம் தீர்மானித்திருப்பதை அறிந்து மகிழ்கிறோம். முதலாவது சுற்றுலா மலைநாட்டுக்குப் போகட்டும். தோட்டப் பாடசாலையொன்றின் மாணவியரை எங்கள் பிள்ளைகள் சந்திக்கட்டும். அடுத்த விடுமுறையில் அந்தப் பிள்ளைகள் எங்கள் விடுதியில் வந்து தங்கி, எங்கள் கரையோரத்தைப் பார்க்கட்டும். போகும் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பெயரைக் கேளுங்கள், விலாசத்தை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். முதற் பயணத்துக்கான செலவை நாங்கள் பன்னிருவரும் சேர்ந்து ஏற்கிறோம்.

அந்த உறை இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதை இந்த விழாவின் கண்காட்சியில் வைத்திருக்கிறோம். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.