ஊர் நடுவே ஒரு பள்ளி



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். சொல்லை ஆள்பவர்களிடம் ஒரு சொல்லைப் பற்றி முறையிடவே வந்தேன். 'ஒதுக்குப்புறம்' என்பது அச்சொல்.

படிப்பை இடையில் விட்டவர்கள், வேலைத்தலங்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள், வழக்கமான வகுப்பறையில் பொருந்த முடியாமற் போனவர்கள் ஆகிய பிள்ளைகளுக்கென ஒரு மாற்றுப் பள்ளியை நகரின் நடுவே அமைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். "நல்ல காரியந்தான், ஊருக்கு ஒதுக்குப்புறமாக வைத்துக்கொள்ளட்டுமே" என்பார்கள். காரணங்களும் அடுக்குவார்கள்: நெரிசல், இரைச்சல், வாடகை, வியாபாரம். இறுதியில் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்களோ!" என்பார்கள். முன்சொன்ன யாவும் இக்கடைசி வரிக்கு எழுதப்பட்ட முன்னுரை என்பது என் எண்ணம்.

'பள்ளி' என்னும் சொல்லுக்குச் சமணத் துறவியர் தங்கிய இடம் என்ற பழம்பொருள் உண்டு. அத்தகைய பள்ளிகள் குன்றுகளிலும் குகைகளிலும் இருந்தன. பின்னாளைத் திண்ணைப் பள்ளிகளோ தெருவிலேயே, வீட்டு முகப்பிலேயே நடந்தன. பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். எண்சுவடியை உரத்த குரலில் ஒப்பித்தார்கள். அந்த இரைச்சலைத் தெரு பொறுத்துக்கொண்டது. அவர்கள் அந்தத் தெருவின் பிள்ளைகள் அல்லவா?

காவிரிக் கரை ஊர்களின் அமைப்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அக்கிரகாரம், குடித்தெரு, வயலைக் கடந்தால் சேரி. பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ இருந்துவிட்டால், சேர்க்க மாட்டோம் என்று எவரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை, இடமே சொல்லிவிடும். அக்கிரகாரம், கோயில், சாவடி என்று ஒடுக்கப்பட்டோர் நுழைய இயலாத இடங்களில் இருந்த பொதுப் பள்ளிகளை, எல்லோரும் வரக்கூடிய இடங்களுக்கு மாற்றுமாறு 1919இல் சென்னை மாகாண அரசு ஆணையிட வேண்டியிருந்தது.

மாற்றுப் பள்ளிக்கும் இடமே உயிர். வேலைக்குப் போய்விட்ட பிள்ளை கடைத்தெருவில் இருக்கிறான். உணவகத்தின் பின்கட்டிலும் பட்டறையிலும் இருக்கிறான். பாபநாசத்திலிருந்தும் வலங்கைமானிலிருந்தும் வருகிற பிள்ளை பேருந்து நிலையத்தில் இறங்குகிறாள். அங்கிருந்து இன்னொரு பேருந்து ஏறி வயல்வெளிக்குப் போ என்றால் ஒரு வாரம் போவாள். அறுவடை வந்தால் அதுவும் நின்றுவிடும். மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், 2021இல் பொதுவான பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இனி அப்பிள்ளைகளுக்கு இடம் கேட்க வேண்டிய பொறுப்பு ஊராருக்குக் கூடியிருக்கிறது.

அப்படியானால் நகர நடுவில் பள்ளி வைப்பதில் அஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அதைக் கும்பகோணம் அறியும்.

2004ஆம் ஆண்டு சூலை 16, வெள்ளிக்கிழமை. நெருக்கமான காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. சத்துணவுக் கூடத்தில் எழுந்த தீ மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரையைப் பற்றியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டார்கள். பெரும்பாலோர் தொடக்கப் பள்ளிச் சிறுவர் சிறுமியர். நீதிபதி சம்பத் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2014 சூலை 30 அன்று தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, பதினொருவரை விடுவித்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில், உயிர் பிழைத்த குழந்தைகள் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியைக் கடந்திருப்பார்கள். இக்கொடுமையையொட்டித் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அது மாற்றுப் பள்ளி அன்று. அரசின் உதவி பெற்ற வழக்கமான பள்ளி. பிள்ளைகளும் 'எப்படிப்பட்டவர்களோ' என்று ஐயுறப்பட்டவர்கள் அல்லர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்கத் தெரிந்த நமக்கு, உள்ளே போனவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

ஆகவே, நாளை உங்கள் தெருவில் மாற்றுப் பள்ளி ஒன்று வருமானால், தெருவார் கூடி ஆட்சேபிக்கும் உரிமையை நான் மறுக்க மாட்டேன். அந்த மனுவில் இவற்றை எழுதுங்கள்: வகுப்புகள் தரைத்தளத்திலா, மாடியிலா? படிக்கட்டுகள் எத்தனை, அகலம் என்ன? அடுப்பு எங்கே எரியும்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? தீயணைப்பு வண்டி தெருமுனையில் திரும்புமா, அல்லது கடைகளின் முன்தட்டிகள் மறிக்குமா? முன்தட்டி நம்முடையது என்றால் அதை நாமே எடுத்துவிடலாம்.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வயலோரத்துக் குடிசையை வருணிக்க 'ஒதுக்குப்புறம்' அழகான சொல்தான், வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுவை எழுதித்தரச் சொல்லித் தெருவார் உங்களிடந்தான் வருவார்கள். அப்போது அச்சொல்லை எழுதாதிருங்கள்.