தோற்க யாருக்கு இடம் இருக்கிறது?

‘நகைச்சுவையும் சாதியும்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். நான் ஒரு தர்பூசணியிலிருந்து தொடங்குகிறேன்.

பிரிட்டனில் ‘டாஸ்க்மாஸ்டர்’ என்றொரு தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சி 2015இல் தொடங்கியது. ஐந்து நகைச்சுவைக் கலைஞர்கள் போட்டியிடுவார்கள். அரக்கு முத்திரை வைத்த உறையைப் பிரித்தால் உள்ளே ஏதாவது கிறுக்குத்தனமான வேலை எழுதியிருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பிறகு ஐந்து பேரும் அரங்கில் உட்கார்ந்து அந்தக் காட்சிகளைப் பார்ப்பார்கள், கிரெக் டேவிஸ் மதிப்பெண் போடுவார்.

முதல் எபிசோடிலேயே ஒரு வேலை: ஒரு நிமிடத்தில் முடிந்த அளவு தர்பூசணி சாப்பிட வேண்டும். ரொமேஷ் ரங்கநாதன் பழத்தைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார். சிதறியதை அள்ளி அள்ளி வாயில் திணித்தார். ரொமேஷ் இங்கிலாந்தில் பிறந்தவர், பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். நகைச்சுவைக்கு வருவதற்கு முன் பள்ளியில் கணக்கு வாத்தியார். (கணக்கு வாத்தியார் தரையில் பழம் உடைத்துத் தின்பதைப் பார்க்க எந்த மாணவருக்குத்தான் பிடிக்காது!)

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன், இதில் எதைப் பார்த்துச் சிரித்தோம்? கிரெக் டேவிஸ் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை, வாய்க்கு வந்தபடி கிண்டலடிப்பார். ஆனால் அந்தக் காட்சியில் நாம் சிரித்தது அவர் எடுத்த முடிவைப் பார்த்து. இந்த மனுஷனுக்கு ஏன் இப்படித் தோன்றியது என்கிற சிரிப்பு அது. அடுத்த உறையைப் பிரிக்கும்போது கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும்.

இப்போது அதே காட்சியை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். கறுத்த தோலுடைய ஒருவர் தரையில் சிதறியதை அள்ளித் தின்கிறார். நம் சினிமா நகைச்சுவையில் வளர்ந்த கண் எதைப் பார்க்கும்? நிறத்தைப் பார்க்கும், எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று பார்க்கும். ஒருவர் செய்த கோமாளித்தனம் ஒரு சனத்தின் குணமாகிவிடும்.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளிப் பருவத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் கூப்பிடுகிறார். பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்களின் சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருக்கின்றன. தீட்டுப் பட்டுவிடும் என்று எல்லாரும் ஓடிப்போய் அவற்றை எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் கணக்கைச் சரியாகப் போட்டாரா, தப்பாகப் போட்டாரா என்று எவன் பார்த்தான்? தப்பாகப் போடும் வாய்ப்புகூட அவருக்குத் தரப்படவில்லை.

இது பழைய கதை இல்லை. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நிலவிய பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தாங்கள் பாரபட்சமாக நடத்தப்படுவதாகப் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது. ஆய்வு மாணவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கருத்தரங்கில் ஒருவர் உளறினால் சாயங்காலம் கேன்டீனில் அது ஒரு ஜோக், மறுநாள் மறந்துபோகும். இன்னொருவர் அதே உளறலை உளறினால் ‘கோட்டா’ என்ற ஒற்றைச் சொல் வரும். அவருக்கு அடுத்து வருகிற தம்பி தங்கைகள் உறையைப் பிரிப்பதற்கு முன்பே மதிப்பெண் போட்டாகிவிட்டது. அதனால்தான் நம் பிள்ளைகள் பலர் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. அதைக் கூச்சம் என்கிறார்கள் பேராசிரியர்கள்.

பிரிட்டனைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் சாதி கப்பலேறிப் போயிருக்கிறது. சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்னது, 2018இல் அரசு அது தேவையில்லை என்று கைகழுவியது. நான் எடுத்துக்கொள்வது அந்த விளையாட்டின் விதியை மட்டும்.

அதே நிகழ்ச்சியின் ஐந்தாவது வரிசையில், 2017இல், நிஷ் குமார் கலந்துகொண்டார். கேரளத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. வேலைக்கு வேலை சொதப்பினார், கடைசி இடத்தில் முடித்தார். அதே ஆண்டில் பிபிசியில் அரசியல் நையாண்டி நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் தொடங்கியிருந்தார். தர்பூசணி உடைத்த ரொமேஷுக்கும் அதன் பிறகு நிகழ்ச்சி மேல் நிகழ்ச்சி வந்தது.