கேஸ் ஷீட்டில் இல்லாத கேள்வி

 

அரிய நரம்பியல் குறைபாடுகளோடு வாழ்வது எப்படி என்பது நம் கருத்தரங்கின் தலைப்பு. வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களை எல்லாம் படித்தேன். மூளையில் எது பழுதானது என்பதைத் துல்லியமாகச் சொல்கின்றன. பழுதான பிறகு அந்த மனிதர் சட்டைப் பொத்தானை எப்படிப் போட்டுக்கொள்கிறார் என்பது பெரும்பாலானவற்றில் இல்லை.

எடுத்துக்காட்டாக, பிரிட்டனைச் சேர்ந்த இயன் வாட்டர்மேனைப் பலரும் பாடப்புத்தகத்தில் சந்தித்திருப்பீர்கள். 1971இல் அவருக்கு 19 வயது; இறைச்சிக் கடையில் வேலை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வு போயிற்று. கை எங்கே இருக்கிறது, முழங்கால் மடங்கியிருக்கிறதா என்று பார்க்காமலே தெரிந்துகொள்கிறோமே, அதுவும் போயிற்று. வலி தெரிந்தது, சூடு குளிர் தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்புகளும் நன்றாகவே இருந்தன. ஆனாலும் எழுந்து உட்கார முடியவில்லை.

அவர் கண்ணைத் துணைக்கு அழைத்தார். எந்தத் தசையை எப்போது இறுக்குவது என்று படுக்கையிலேயே திட்டமிட்டு, ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துப் பார்த்து அசைத்தார். முதன்முறை உட்கார்ந்துவிட்ட மகிழ்ச்சியில் கவனம் சிதறி, அப்போதே விழப் பார்த்தார். பின்னர் நடந்தார், கார் ஓட்டினார், அரசுப் பணி பார்த்தார். ஆனால் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேறெதையாவது நினைத்தால் முட்டை நொறுங்கிவிடும். மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவார். வெளிச்சம் வரும்வரை எழ முடியாது. அவரைப் பற்றி மருத்துவர் ஜொனாதன் கோல் 1991இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அன்றாட மாரத்தான் ஓட்டம் என்ற பொருள் வரும்.

மருத்துவர்களான நாமாக இருந்தால் 'நன்கு தேறிவிட்டார்' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்போம். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம். நன்றாக நடப்பவர்தான் மாலையில் அதிகம் களைத்திருப்பார். நம் நாட்டில் சலுகைகள் பெற ஊனச் சான்றிதழில் 40 சதவீதம் என்று ஒரு கோடு இருக்கிறது. இப்படிப்பட்டவர் அறைக்குள் நடந்து வருவதைப் பார்த்ததுமே நம் பேனா கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அவர் திறமையாகச் சமாளிப்பதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

இன்னொருவர் கனடாவின் துப்பறியும் நாவலாசிரியர் ஹோவர்ட் எங்கெல். 2001இல் ஒரு காலை செய்தித்தாளை எடுத்தார். அத்தனையும் அறியாத மொழியின் எழுத்தாகத் தெரிந்தது. ஸ்ட்ரோக். எழுத முடிந்தது, எழுதியதைப் படிக்க முடியவில்லை. பிரெஞ்சு மருத்துவர் டெஜெரின் 1892இலேயே விவரித்துவைத்த நிலைதான் இது. எங்கெல் பார்க்கும் எழுத்தின் வடிவத்தை விரலால் காற்றில் வரைந்தார். பிறகு நாக்கு நுனியால் வாய்க்குள்ளேயே, அண்ணத்திலும் பற்களின் பின்புறத்திலும் வரைந்து படிக்கத் தொடங்கினார். மெதுவாகத்தான், ஆனால் படித்தார். தன் துப்பறிவாளனுக்கும் அதே குறையைக் கொடுத்து 2005இல் நாவலும் வெளியிட்டார். நாக்கால் படிக்கலாம் என்று எந்த மருத்துவர் அவருக்கு எழுதிக்கொடுத்தார்?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வரும் வலிக்காக உருவாக்கிய கண்ணாடிப் பெட்டியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இல்லாத கையில் இறுகிய விரல்கள் நகங்களால் உள்ளங்கையைக் கிழிக்கின்றன என்று நோயாளிகள் சொன்னதை அவர் நம்பிக் கேட்டார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அதனால் கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. ஸ்கேன் படங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில், உங்கள் நோயாளி இதை எப்படிச் சமாளிக்கிறார், அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று சொல்லுங்கள். கேட்டிருக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம், யாரும் குறையாக நினைக்க மாட்டோம். நாளைப் பிற்பகல் அமர்வில் நோயோடு வாழ்பவர்களே பேசுகிறார்கள். மருத்துவர்களுக்குக் கேள்வி கேட்க மட்டும் அனுமதி. அந்த அமர்வுக்கு அரை மணி நேரம் கூட்டியிருக்கிறோம், என் நிறைவுரையை எடுத்துவிட்டு.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.