ஆர்.எஸ்.புரம் எனக்குச் சொல்லித் தந்தது



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க தோட்டத்து வெண்டை, கத்தரி, சின்ன வெங்காயத்தை கோவை ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறேன். விடியக்காலை அந்த அகலமான நேர் ரோடுகளைப் பார்க்கும்போது, "இது பணக்காரங்க ஊரு, அதனாலதான் இப்படி" என்றுதான் ரொம்ப நாள் நினைச்சேன்.

சந்தைக்கு வர்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் ஒருநாள் கதை சொன்னாருங்க. சுமார் நூறு வருசத்துக்கு முன்னாடி கோயமுத்தூரைப் பிளேக் நோய் திரும்பத் திரும்பத் தாக்கியது. எலித் தெள்ளு மூலம் பரவுற நோய். காத்து வெளிச்சம் இல்லாத நெருக்கமான பழைய தெருக்களில் சனங்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்தாங்க. அந்தப் பயத்தில் கும்பிட்ட பிளேக் மாரியம்மன் கோயில் இன்றைக்கும் இருக்குதுங்க. அதுக்கப்புறம்தான் ஊருக்கு மேற்கே காட்டு நிலத்தில் தெருவை அளந்து, இடம் விட்டு, புது ஊர் அமைச்சாங்க. அப்போ நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பேர்தான் ஆர்.எஸ்.புரம். அவருடைய திவான் பகதூர் பட்டம்தான் டி.பி. ரோடு. சிறுவாணித் தண்ணியைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவரும் அவர்தானுங்க.

இதைக் கேட்டதும் என் மகள் ஞாபகம் வந்திருச்சு. போன மழைக்கு எங்க தெருவில் குடிதண்ணிக் குழாய் உடைஞ்சு சாக்கடை கலந்து, அவளுக்கு டைபாய்டு வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. குழுவில் வாங்கின கடன் ஆட்டுக்குட்டி வாங்க. அது மருந்துக்குப் போச்சு. "நம்ம தலையெழுத்து" என்று மாமியார் சொன்னாங்க. நானும் தலையாட்டினேன்.

தலையெழுத்து இல்லைங்க. ஆர்.எஸ்.புரத்து ரோடு தானா அகலமாகலை. நோய் வந்தது, யாரோ உட்கார்ந்து யோசிச்சு முடிவு எடுத்தாங்க.

அக்டோபர் 2 கிராம சபையில் எங்க குழுவில் பன்னிரண்டு பேர் எழுந்து நின்னோம். குழாயைச் சாக்கடையை விட்டுத் தள்ளிப் போடணும் என்று மனு எழுதி, தீர்மானத்தில் ஏத்த வெச்சோம். எனக்குக் கை நடுங்கிச்சு, ஆனால் பேசினேன். வேலை இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதி முடியிற வரைக்கும் ஒவ்வொரு கிராம சபைக்கும் போவோம்.

உங்க தெருவிலும் ஒரு குழாய், ஒரு சாக்கடை இருக்கும். அடுத்த கிராம சபைக்குத் தனியா போகாதீங்க, குழுவாப் போங்க.