தோற்றவர் திரும்பி வரும் கோப்பை

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

நான் பேச எழுந்தால் சாலை, குடிநீர், வீட்டு வசதி, வரவு செலவு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காரணம் உண்டு. நம் ஒன்றியத்து இளைஞர்கள் சிலர் சென்ற வாரம் என்னிடம் வந்தார்கள். நின்றுபோன கோப்பைப் போட்டியை அறுவடைக்குப் பின் மீண்டும் நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். அதை அறிந்த பெரியவர் ஒருவர், "கோப்பை வைத்தால் கலகம் வரும், ஐயா! அந்த வம்பே வேண்டாம்" என்றார். அவர் சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர் அனுபவத்தில் கண்டதைத்தான் சொன்னார். ஆயினும் கலகம் கோப்பையினால் வருகிறதா, நடத்துகிற முறையினால் வருகிறதா என்பதை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கும் ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். அதுதான் வங்காளத்து ஐ.எஃப்.ஏ. கேடயம். 1893-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கம் தோன்றியது. பெயரில் இந்தியா என்றிருந்தாலும் அது வங்காளத்துக் கால்பந்தை நிர்வகிக்கும் சங்கமே. அவ்வாண்டே அது இக்கேடயப் போட்டியையும் தொடங்கியது. முதற் கேடயத்தை ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் என்னும் ராணுவ அணி வென்றது. அதுமுதல் 1910 வரை 18 ஆண்டுகளும் ஐரோப்பியர் அணிகளே கேடயத்தைக் கொண்டு சென்றன.

இது நாக்-அவுட் முறையில் பிறந்த போட்டி. அதாவது ஓர் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டுக்கு அந்த அணி வெளியே. இம்முறையின் கணக்கு மிக எளிது. ஓர் ஆட்டம் ஓர் அணியை வெளியேற்றுகிறது. 32 அணிகள் சேர்ந்தால் 31 ஆட்டங்கள். ஆட்டம் முடிந்ததும் ஓர் அணி வென்றது, 31 அணிகள் தோற்றன. இந்தக் கணக்கை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கோப்பைப் போட்டி என்பது ஒருவர் வெல்வதற்காக ஏற்பட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் வந்தவர்களில் ஒருவர் நீங்க மற்ற யாவரும் தோற்றுத் திரும்பும் ஏற்பாடு அது. ஆகவே, தோற்றவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்களா என்பதே அதன் உயிர்நிலை. அவர்கள் வராவிட்டால் கோப்பை அலமாரியில் இருக்கும், போட்டி இராது.

மோகன் பகான் என்னும் சங்கத்தின் கதை இதற்குச் சான்று. 1889-இல் தொடங்கிய இச்சங்கம் 1909-இல் கேடயப் போட்டியில் ஆடித் தோற்றது. ஆனால் ஒதுங்கிவிடவில்லை. 1911-இல் மீண்டும் வந்தது. அவ்வணியின் 11 பேரில் 10 பேர் காலில் பூட்சு இன்றி வெறுங்காலுடன் ஆடினார்கள். பூட்சு அணிந்தவர் சுதீர் சாட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே. ஆட்டக்காரர்களில் பலர் கிழக்கு வங்காளத்து மாவட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள். அரையிறுதியில் மிடில்செக்ஸ் ராணுவ அணியுடன் ஆட்டம் சமமாக முடிந்தது. மறு ஆட்டத்தில் மோகன் பகான் வென்றது.

இறுதி ஆட்டம் ஜூலை 29-ஆம் நாள். எதிரணி கிழக்கு யார்க்ஷயர் ராணுவ அணி. மைதானத்தைச் சூழ்ந்து பல்லாயிரம் மக்கள் கூடினார்கள். ஆட்டத்தைக் காண இயலாத தூரத்தில் நின்றவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தார்கள் என்று சொல்வார்கள். முதற் கோலை ராணுவ அணியே போட்டது. ஆட்டத்தின் பிற்பகுதியில் அணித் தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். பிறகு அபிலாஷ் கோஷ் ஒரு கோல் போட்டார். இரண்டுக்கு ஒன்று என்று மோகன் பகான் வென்றது. நாட்டை ஆண்டவர்களின் படையை ஆளப்பட்டவர்கள் வெறுங்காலால் வென்றார்கள் என்று நாடெங்கும் மக்கள் மகிழ்ந்தார்கள்.

இந்த வெற்றியைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிந்திய கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அடுத்த கேடயம் மோகன் பகானுக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 1947-இல்! இடையில் 36 ஆண்டுகள். 1923-இல் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றது. 1940-இலும் அவ்வாறே தோற்றது. இதற்கிடையே 1936-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும், 1943-இல் ஈஸ்ட் பெங்காலும் கேடயத்தை வென்றன. 1946-இல் நகரில் நடந்த கலவரத்தால் போட்டியே நடைபெறவில்லை. இத்தனைக்கும் பிறகு மறு ஆண்டு போட்டி நடந்தது, அணிகள் வந்தன. தோற்றவர்களுக்குத் திரும்பி வர மனம் இருந்ததனால்தான் அக்கேடயம் பிழைத்தது. இடையில் 2015 முதல் சில ஆண்டுகள் அது 19 வயதுக்குட்பட்டோர் போட்டியாக நடந்தது. 2020-இல் மீண்டும் பெரியவர்கள் போட்டியாயிற்று. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அதை வென்று சென்றது தொலைவிலுள்ள காஷ்மீரத்து அணி.

தோற்றவன் ஏன் திரும்பி வருகிறான்? தோல்வி நியாயமானது என்று அவன் மனம் ஒப்புவதனால் வருகிறான். நாற்று கருகிய உழவன் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கிறான். மழை தன்னிடம் மட்டும் பாரபட்சம் காட்டியதாக அவன் எண்ணுவதில்லை. ஆனால் மேல்மடைக்காரன் இரவில் வாய்க்காலை அடைத்ததனால் பயிர் கருகியது என்றால் அந்த மனவருத்தம் தலைமுறைக்கும் ஆறாது. விளையாட்டும் அப்படித்தான்.

நியாயம் கெட்டால் எதுவரை போகும் என்பதற்கும் அதே நகரத்திலிருந்து ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடின. அது கேடயப் போட்டியன்று, லீக் ஆட்டம். களத்தில் மூண்ட சச்சரவு பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. நெரிசலில் 16 பேர் உயிரிழந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்நாளை நினைவு கூர்ந்து அங்கே ஆண்டுதோறும் இரத்த தானம் செய்கிறார்கள். நம் பெரியவர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு மாவட்டத்தில் விரிவாக்க அலுவலராக இருந்தேன். அங்கே ஓர் ஊரில் கோப்பைப் போட்டி. எட்டு அணிகள். அரையிறுதியில் காலனி இளைஞர்கள் அணி ஒரு கோல் முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மேடையில் அமர்ந்திருந்த நன்கொடையாளர் ஒருவர் நடுவரை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். நடுவர் விசில் ஊதினார். வெளிச்சம் போதவில்லை, மறுநாள் காலை மறு ஆட்டம் என்று அறிவித்தார். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மறுநாள் ஆட்ட நேரத்தை முன்கூட்டி மாற்றிவிட்டார்கள். காலனி இளைஞர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் வந்து சேருமுன் எதிரணி வென்றதாகத் தீர்ப்பாகிவிட்டது.

அந்த மேடையில் கழுத்தில் மாலையுடன் நானும் அமர்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. வெளியூர் அலுவலர், நமக்கேன் வம்பு என்று எண்ணினேன். மாலையில் அவ்வணியின் தலைவன் என்னிடம் வந்து, "தோற்றிருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்போம், ஐயா. எங்களைத் தோற்கக்கூட விடவில்லையே!" என்றான். அதற்கு என்னிடம் விடை இல்லை. அடுத்த ஆண்டு காலனி அணி வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு இன்னும் இரண்டு ஊர்கள் வரவில்லை. நான்காம் ஆண்டு போட்டியே இல்லை. பின்னர் ஒருமுறை அவ்வழியே சென்றேன். திடல் முழுதும் சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது. ஒரு மூலையில் யாரோ வேலி கட்டியிருந்தார்கள். கோப்பையை அழித்தது கலகமன்று. எங்கள் மௌனமே அதை அழித்தது. அந்த ஊர் கற்ற பாடத்தை நம் ஒன்றியம் மறுபடியும் கற்க வேண்டியதில்லை.

ஆதலால் போட்டியை மீண்டும் தொடங்குவோம். ஆனால் சில ஏற்பாடுகளை முதலிலேயே செய்து கொள்வோம்.

முதலாவது, குலுக்கல். யார் யாருடன் ஆடுவது என்பதை ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பேர் தீர்மானிக்கக் கூடாது. ஊரார் முன்னிலையில் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். இது நமக்குப் புதிய வழக்கமன்று. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் சபை உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தார்கள். பலர் காண, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள் என்று கல்வெட்டுக் கூறுகிறது. அதே குடத்தை நாமும் வைப்போம்.

அணிகளின் எண்ணிக்கை 8, 16, 32 என்று அமையாவிட்டால் திகைக்க வேண்டாம். 13 அணிகள் வந்தன என்று கொள்வோம். அதற்கு மேலுள்ள எண் 16. 16-இலிருந்து 13-ஐக் கழித்தால் 3. அந்த மூன்று அணிகள் முதற் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஆட்டக்காரர்கள் இதை 'பை' என்பார்கள். மற்ற 10 அணிகள் 5 ஆட்டம் ஆடும். வென்ற ஐந்தும் இந்த மூன்றும் சேர்ந்து எட்டாகிவிடும். பிறகு 4 ஆட்டம், 2 ஆட்டம், இறுதி ஆட்டம். மொத்தம் 12. 'பை' யாருக்கு என்பதையும் குலுக்கலே தீர்மானிக்கட்டும். நன்கொடை அளித்த ஊருக்கு என்று ஒதுக்கி வைத்தால் அங்கேயே வம்பு முளைக்கும்.

இரண்டாவது, விதிகள். ஆட்ட நேரம், சமமாக முடிந்தால் என்ன செய்வது, மழை வந்தால் என்ன செய்வது ஆகிய யாவற்றையும் எழுதி, போட்டி தொடங்குமுன் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆட்டத்தின் நடுவே எழுதப்படும் விதி விதியாகாது.

மூன்றாவது, நடுவர். ஆடுகிற இரண்டு ஊரையும் சேராதவர் ஒருவரை அழைக்க வேண்டும். பயிற்சி பெற்றவராக இருத்தல் நலம். அவருக்குப் போக்குவரத்துச் செலவும் உணவும் பொது நிதியிலிருந்து தர வேண்டுமே தவிர, தனியொருவர் விருந்தளிக்கக் கூடாது. களத்தில் அவர் சொல்வதே முடிவு. மேடைக்கும் களத்துக்கும் இடையே யாரும் தூது போகலாகாது. தலைவர்களும் அதிகாரிகளும் இதற்கு விலக்கல்ல, நானும் விலக்கல்ல.

நான்காவது, அணி. ஓர் ஊர் அணி என்றால் ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வர வேண்டும். தெருவுக்கோர் அணி என்று பிரிந்தால் பழைய பகையைப் பந்தில் வைத்து உதைப்பதாக முடியும். பெண்களுக்கும் ஆட்டங்கள் வைக்கலாம். 2018-இலும் 2023-இலும் பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியை வென்றது நம் தமிழ்நாட்டு அணியே என்பதை இங்குள்ள சகோதரிகள் நினைவிற் கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பரிசு. வென்றவருக்குக் கோப்பை இருக்கட்டும். அத்துடன், தோற்ற ஒவ்வோர் அணியின் தலைவரையும் இறுதி நாளன்று மேடைக்கு அழைத்து, அடுத்த ஆண்டுக்கான அழைப்புக் கடிதத்தை ஊராட்சித் தலைவர் கையாலே கொடுக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு ஒரு தாளின் விலைதான் ஆகும்.

கடைசியாக, திடல். கால்பந்துக் களம் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையது; கணக்கிட்டால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதைச் சுற்றி மக்கள் நிற்கவும் இடம் வேண்டும். அத்தனை இடம் ஒரே துண்டாக இன்னும் எத்தனை ஊர்களில் மிஞ்சியிருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால் மட்டும் போதாது. பிள்ளைகளின் கால் படுகிற நிலத்தில் யாரும் எளிதில் வேலி கட்டத் துணிய மாட்டார்கள். வேலி கட்டியவர் நமக்கு வேண்டியவராக இருந்தாலும், அளந்து கல் நடுவது ஊராட்சியின் கடமை. மனுக் கொடுங்கள், நில அளவைக்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு.

நண்பர்களே! நீங்கள் எல்லோரும் தேர்தலில் நின்றவர்கள். வென்றவர் ஒருவர், தோற்றவர் பலர். தோற்றவர் முடிவை ஏற்று ஊரோடு ஒத்து வாழ்வதனால்தான் ஊராட்சி நடக்கிறது. இந்தப் பழக்கத்தை நம் இளைஞர்கள் எங்கே கற்பது? திடலில்தான் கற்க முடியும். விசில் ஊதியதும் எதிரியின் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று சொல்லக் கற்றவன் நாளை இந்த மன்றத்திலும் அப்படியே நடந்து கொள்வான்.

அறுவடை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இவ்வலுவலக முற்றத்தில் குலுக்கல் நடத்தலாம் என்று எண்ணுகிறேன். உங்கள் ஊர்களின் பெயரை அதற்குள் கொடுத்துவிடுங்கள். குடம் நான் கொண்டு வருகிறேன். சீட்டு எடுக்க ஒரு சிறுவனையோ சிறுமியையோ நீங்கள் அழைத்து வாருங்கள்.